இத்தாவில் ஓர் இங்கிலிஷ் வகுப்பு

மருதமுனையில் றிஸ்னா டீச்சர் கைம்பெண்ணுக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். கணவர் ஜவாத் மௌத்தாகி அடக்கமும் முடிந்து, கத்தம் ஓத வந்த சொந்தங்களெல்லாம் போய்விட்டன. அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வாசல் தாண்டாமல் இருப்பவளைத் தேடிப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருத்திதான் வருவாள். அடுத்த வளவு உம்மு. இங்கிலிஷ் படிக்க.

உம்முவின் கணவன் நளீர் லண்டனில் இருந்தான். அவனிடம் போக விசா கிடைக்க அவள் இங்கிலிஷ் சோதனை பாஸாக வேண்டும்.

"எங்கட ஊருல மாப்பிள்ளதான் பொண்ணுட ஊட்டுக்கு வாற. நான் மாறிப் போறன் டீச்சர். உம்மாக்கு அதுதான் வெக்கம்" என்று சிரிப்பாள்.

அவளுக்குச் சிக்கல் ஹேவ், ஹேட் இரண்டிலும்தான்.

"தொடங்கினது இன்னும் நடக்குதெண்டா ஹேவ். முடிஞ்ச ஒண்டுக்கும் முந்தியே முடிஞ்சதெண்டா ஹேட்."

றிஸ்னாவின் உதாரணங்களில் மீன் வந்தது, பஸ் வந்தது, மழை வந்தது. கணவர் மட்டும் வரவில்லை. அவரோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு இனி எதைப் போடுவதென்று நெஞ்சுக்குத் தெரியும். வாய்க்குத்தான் வரவில்லை.

கொஞ்ச நாளில் உம்மு பிழைவிடுவதை நிறுத்திவிட்டாள்.

"சோதனைக்கு அப்ளிகேஷன் போடட்டா டீச்சர்?"

"இன்னும் சரியில்ல புள்ள. பழகு."

பொய். இவளும் போய்விட்டால் அஸருக்குப் பிறகு யார் வருவார்?

ஒருநாள் வகுப்பின் நடுவே நளீர் வீடியோவில் வந்தான். உம்மு போனோடு விறாந்தைக்குப் போனாள். றிஸ்னா கதவுத் திரைச்சீலைக்கு உள்ளே இருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நாள்? தனியச் சோறாக்கித் தனியத் தின்னேலாம இரிக்கி."

"படிச்சது இன்னும் காணாதெண்டு டீச்சர் சொல்றா."

"டீச்சருக்கு உன்னப் புடிச்சிட்டாக்கும்."

"பகிடி விடாதீங்க. டீச்சர் சொன்னா சரியாத்தான் இரிக்கும். பொறுங்க."

அந்த நம்பிக்கை றிஸ்னாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இத்தா முடியும்வரை அந்நிய ஆணின் காதில் குரல்கூட விழக் கூடாதென்று மாமி, ஜவாத்தின் உம்மா, கண்டித்துச் சொல்லியிருந்தாள். ஆனாலும் எழுந்து திரைச்சீலையருகே வந்தாள்.

"தம்பி, உங்கட பொஞ்சாதி எப்பவோ படிச்சு முடிச்சிட்டா. சோதனைக்குத் திகதி எடுங்க."

நளீர் மெல்ல, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான்.

உம்மு போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"நேத்தும் சரியில்ல எண்டீங்களே டீச்சர்?"

"நேத்து எனக்கு மனசு வரல்ல."

அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை உம்மு டீச்சரின் கையைப் பிடித்தபடி இருந்துவிட்டுப் புறப்பட்டாள். கூடவே வாசல் தாண்டிப் படலைவரை போய் வழியனுப்ப றிஸ்னாவால் முடியாது. படலை சாத்தும் சத்தத்தை உள்ளே நின்றுதான் கேட்டாள்.