ஆகாயக் கப்பல் தலை குனிந்த நாள்

இத்தாலியின் பலேர்மோ நகரில் ஆறு வீட்டுக் கதவுகளின் திறப்புகள் என் இடுப்பில் தொங்குகின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய படிப்புப் படித்தவர்கள் வீட்டைக் கூட்டித் துடைக்கச் சொல்லி என் கையில் தந்துவிட்டுக் கடலில் குளிக்கப் போகிறார்கள். இந்த நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் சொந்த வீடும் வாங்கிவிட்டேன். இதை நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அந்த ஆறில் ஒன்று, பொலித்தெயாமா நாடக அரங்குப் பக்கம் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற இஞ்சினியரின் வீடு. எண்பது தாண்டியவர். ஏணி வைத்தாலும் கூரை எட்டாத பெரிய கூடத்தில், இரண்டு வருடமாக அவர் ஓர் ஆகாயக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். நூறு வருடத்துக்கும் முன்பு மனிதன் இயந்திரம் பூட்டிப் பறக்கத் தொடங்கினானே, அந்தக் காலத்துக் கப்பலின் மாதிரி. சுருட்டுப் போல ஒரு பை, கீழே மூங்கில் தொட்டில், வாலில் விசிறியும் சுக்கானும். இரண்டு ஆள் நீளம் இருக்கும். ஹீலியம் அடைத்தால் மிதக்கும்.

வேலை முடிந்ததும் கோப்பி ஊற்றித் தந்து கதை சொல்வார். அந்தக் காலத்து ஓட்டிகள் மணல் மூட்டையைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்தால் கப்பலின் மூக்கு எழும்புமாம்; முன்னுக்கு விட்டால் இறங்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னாரில் மீசை முளைக்கும் முன்பே தோணி ஏறியவனுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? அவர் ஈயக் குண்டுகளை ஒவ்வொரு கிராமாக நிறுத்துத் தந்தார். தொட்டிலில் எங்கே வைப்பது என்று நான் காட்டினேன். கப்பல் கூடத்தின் நடுவில் மட்டமாக நின்றது. பாதிக் கப்பல் என்னுடையது என்று மாதா கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

"உங்கடை கப்பல் எப்ப மன்னாருக்குப் போகுது?" என்று மனைவி கேட்டாள். "எனக்கும் ஒரு சீற் பிடிச்சு வையுங்கோ."

நாட்டின் வடக்கே இருக்கும் இஞ்சினியரின் மகளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அப்பா அடுப்பை அணைக்க மறக்கிறார், மருந்தை மாற்றிப் போடுகிறார், புத்தி தளர்ந்துவிட்டது என்று, தன் ஊரில் முதியோர் விடுதி ஒன்றில் இடம் பார்த்துவிட்டாள். கிழவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார், கப்பல் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி என் கைக்கு வரும். வராவிட்டால் பெட்டியைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கரையில் புதுத் தோணி முதன்முதல் கடலில் இறங்கும்போது, முன்முனையில் மாதா சுரூபம், ஒரு சின்னச் சிலை, கட்டாமல் இறக்க மாட்டோம். ஞாயிறு காலை அவர் முகம் வழித்துக்கொண்டிருந்த நேரம், மடு மாதா கோயிலில் மந்திரித்து வாங்கிய விரலளவு பித்தளைச் சுரூபத்தைக் கப்பலின் மூக்குக்கு அடியில் நூலால் தைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை.

மகள் கைகட்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். அவர் விசிறியை முடுக்கிக் கையை விட்டார். கப்பல் நாலு அடி போனது, தலை குனிந்தது, நேரே போய் அலுமாரியின் காலில் முட்டி நின்றது.

அவர் தன் கணக்குக் கொப்பியைத் திறந்து எடைகளைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். மூன்றாம் முறை பென்சிலை வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமலே சொன்னார்: "நீ சொன்னது சரிதான். எனக்குக் கூட்ட வரேல்லை."

பாரத்தைப் பற்றி அவ்வளவு கதைத்த எனக்கு, மாதாவுக்கும் எடை உண்டு என்று தோன்றவே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. அவர்தான் பெட்டி கட்டுவார்.

"சிஞ்ஞோர், உங்கடை கணக்குப் பிழைக்கேல்லை. பாரம் வைச்சது நான்."

நூலை அறுத்துச் சுரூபத்தை அவர் கையில் வைத்தேன். மகள் எழுந்துவிட்டாள். அப்பாவை வைத்து விளையாடுகிறாயா, திறப்பைத் தந்துவிட்டு வெளியே போ என்றாள். கிழவர் அதைக் காதில் வாங்காமல் சுரூபத்தைத் தராசில் போட்டார்.

"இவ்வளவு நாளும் எங்கை பாரம் வைக்கிறதெண்டு எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. மூக்கிலையா வைப்பாய்?"

"அது பாரம் இல்லை, சிஞ்ஞோர். மாதா."

"பதினொரு கிராம் மாதா," என்றார்.

சுரூபத்தைத் தராசிலேயே விட்டுவிட்டு மறுபடி விசிறியை முடுக்கினார். இந்த முறை கப்பல் தலை குனியவில்லை. மூலைகளில் மெதுவாகத் திரும்பி, மகளின் தலைக்கு மேலால் போய், அவர் நீட்டிய கைக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் அவள் கேட்டாள், அடுப்பையும் மருந்தையும் யார் பார்ப்பது என்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் பார்ப்பேன், தினமும் காலையும் மாலையும் வருவேன் என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடி எடுத்தாள். பிறகு மருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதி, அப்பாவிடம் அல்ல, என்னிடம் நீட்டினாள். அந்த இத்தாலிய மொழியை எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. இன்றுவரை ஒரு மருந்துக் குளிசைகூடத் தவறவில்லை.