ஆண் எழுதியதாம், என் வலைப்பூ

நல்லூர் பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்ப்பவள் நான். ஆற்றில் கலக்கும் சாயத்தண்ணீரைத் திட்டி ஆங்கிலத்தில் வலைப்பூவும் எழுதிவந்தேன். வலைப்பூவைப் படித்து, எழுதியவரின் குணத்தைச் சொல்லும் இணையதளம் ஒன்று அப்போது பிரபலம். ஒரு மதியம் விளையாட்டாக என் வலைப்பூ முகவரியை அதில் கொடுத்தேன். "துணிச்சலானவர், கோபக்காரர், ஆண்" என்றது.

எட்டிப் பார்த்த மேனேஜர் சிரித்தார். "ஏனுங்க மேடம், உங்க ஊட்டுக்காரரு எழுதித் தர்றாருங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "துவைச்சுப் பார்க்காம ஒரு துணியைப் பாஸ் பண்ண மாட்டீங்க. இத்தனை வருசமா கூட வேலை பார்க்கறேன், என்னையப் பத்தி மட்டும் மெஷின் சொன்னா நம்பிருவீங்களா?"

அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. துணிச்சலும் கோபமும் பெண்ணுக்கு வராது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த ஆளைத்தான் இன்றும் தேடுகிறேன்.