வேன் பாத்திரத்தில் வெட்டிய பெயர்

பழைய வேனுக்குள் ஒரு குட்டிச் சமையலறை அமைத்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா? அதற்குப் பாத்திரம் வாங்க இன்று அம்பத்தூர் மார்க்கெட் போனேன்.

"எத்தினி பேருக்கு சமையல் சார்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு ஆளுக்குத்தான்."

"அப்போ இந்த காஸ்ட்லி செட்டெல்லாம் வோணாம். ரெண்டு லிட்டர் குக்கர், கைப்பிடி இல்லாத மூணு சட்டி, ஒரு இடுக்கி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கிடும். வண்டி குலுங்குனாலும் சத்தமே வராது."

நியாயமான பேச்சு, நியாயமான விலை. எடுத்துக்கொண்டேன்.

பெயர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தபடி, "பேர் இன்னா சார் போடணும்?" என்றார்.

"மல்லிகா" என்றேன்.

இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் இருக்கும் பெயர். பெயர் இருந்தால்தான் இரவல் போன பாத்திரம் வீடு திரும்பும் என்பாள். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்பது மெஷின் நின்ற பிறகுதான் உறைத்தது.

"வூட்டம்மாகிட்ட காட்டு சார், குஷியாய்டுவாங்க" என்று பையை நீட்டினார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அயனம்பாக்கம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் வேனின் பின்பக்கம் சத்தம் வந்தது. அவள் சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது வருமே, அதே சத்தம். வீடு வரும்வரை நான் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

எவர்சில்வரில் வெட்டிய பெயரை அழிக்க ஏதாவது வழி இருக்கிறதா, நண்பர்களே?

தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.