ஏழாவது கைநாட்டு

அரசின் தொண்டர் பணி அலுவலகம் நேராக நன்கொடை வாங்கக் கூடாது. அதனால் எழுபதுகளில் உத்திரமேரூரில் அதற்காக நிதி திரட்ட ஒரு சங்கம் தொடங்கினோம். விதிகளை எழுதிய மேதை நான்தான். ஒரு பஜனை சங்கத்து விதிகளை அப்படியே காப்பியடித்திருந்தேன்.

பதிவுக்கு ஏழு பேர் வேண்டும்; ஏழாவது உறுப்பினராக மாகறலிலிருந்து கூலிக்காரர் ஒருவர் வந்தார். ஒடிசலான உடம்பு, தொளதொளத்த சட்டை. எங்கள் தொண்டனாகக் கிணறு தூர்வாரியபோது மண் சரிந்து செத்தவனின் அப்பா. எந்தக் காகிதத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு வைப்பார். விதிகளைப் படித்தேன்.

"ஆர்மோனியம் வாங்கலாமா? இன்னாத்துக்கு சார்? எம்புள்ள செத்தப்போ துட்டு குடுக்க ரூல் இல்லன்னீங்களே, இதுல அந்த ரூல் கீதா?"

அசடு வழிய ஆர்மோனிய விதியை அடித்துவிட்டு, 'பணியில் இறக்கும் தொண்டர் குடும்பத்துக்கு உதவி' என்று எழுதிப் படித்தேன்.

"இது இனிமே சாவறவங்களுக்குத்தான?"

"ஆமாம், பெரியவரே."

மையைத் தொட்டு அழுத்தமாக வைத்தார். ஏன் வைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.