ஜெர்மன்காரருக்குப் போட்ட செவ்வந்தி மாலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோவில் ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தீவின் மறுபுறம், கத்தானியாவுக்கு அருகே, போரில் இறந்த ஜெர்மன் வீரர்களின் மயானம் இருக்கிறது. அதைக் கூட்டிச் செடி வெட்டும் ஒப்பந்தம் எங்களுடையது. காலையில் வேனில் போவோம், பொழுதுபட்டால் திரும்புவோம்.

எனக்கு அது இத்தாலியில் முதல் நவம்பர். ஜெர்மனியிலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் வருவதாக இருந்தது. எங்கள் கப்போ, அதாவது மேஸ்திரி, கார்மேலோ முன்கூட்டியே எச்சரித்தான்.

"அந்த மனுசனுக்குப் பிடிக்காட்டி ஒப்பந்தம் போச்சு. பிறகு உனக்கு வேலைக் கடிதம் இல்லை. கடிதம் இல்லாட்டி பெர்மெஸ்ஸோவும் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. என் வதிவிட அனுமதி அந்தக் குளிர்காலத்தோடு முடிய இருந்தது. வீட்டில் சொன்னேன். மனைவி யோசிக்கவே இல்லை.

"பெரிய ஆள் வாறார் எண்டுறியள், வெறுங்கையோடயோ போய் நிக்கப்போறியள்? மாலை ஒண்டு கட்டித்தாறன்."

அந்த வாரம் பூக்கடைகள் எல்லாவற்றிலும் செவ்வந்தி குவிந்து கிடந்தது. நல்ல மஞ்சள். ஊரில் சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் போடுகிற பூ.

மறுநாள் காலை அவர் பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினார். எழுபதை நெருங்கிய நெடிய மனிதர். கைகூப்பி, மாலையைப் போட்டேன். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். கார்மேலோ பாய்ந்துபோய் ஓர் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டான். இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாதாம்.

"பாவி! செவ்வந்தி இஞ்சை செத்தவைக்கு மட்டும்தான்! உயிரோட நிக்கிற மனுசனைக் குழிக்குள்ள இறக்கிப்போட்டியே!"

வந்தவருக்கு இத்தாலியன் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்தார். அரைகுறை மொழியில் உள்ளதைச் சொன்னேன்.

"எங்கடை ஊரில இது விருந்தாளிக்கு, சிஞ்ஞோரே. இஞ்சை செத்தவைக்காம். இப்பத்தான் எனக்கும் தெரியும். கழட்டிவிடட்டோ?"

அவர் மாலையை முகர்ந்தார். "அந்த மயானத்தில கிடக்கிறவையில ஒருத்தன் என்ர அண்ணன். என்னிலும் ஒரு வயசுதான் மூப்பு. எனக்கும் அங்கை இடமிருந்திருக்கும், நான் தப்பிட்டன். இருக்கட்டும், கழுத்துக்குச் சூடாயிருக்கு."

வழிநெடுக கார்மேலோ கியர்க் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மயானம் சுவர் சூழ்ந்த பல முற்றங்களாக இருக்கும்; அவர் முற்றம் முற்றமாக நடந்தார். மூலைகளைக் குனிந்து பார்த்தார். அண்ணனின் பெயர் பொறித்த பலகைக்கு முன் நின்றார். திரும்பியபோது முகம் இறுகியிருந்தது.

"நேற்றுத்தான் கூட்டினதெண்டு சொன்னியள். இந்தப் பூவெல்லாம் ஆர் கொட்டினது?"

வாசலிலிருந்து அவர் கால்வரை மஞ்சள் இதழ்கள். கார்மேலோ வானத்தைப் பார்த்தான்.

"நீங்கள்தான், சிஞ்ஞோரே," என்றேன்.

அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். பாதி மாலையில் நூல்தான் மிச்சம். அவர் சிரித்த சிரிப்பு எல்லா முற்றத்துக்கும் கேட்டிருக்கும். வேனின் முன்பக்கத்தில் தாளை வைத்து, அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்திட்டார்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "மாலை பிடிச்சுதாமோ?"

"கடைசிவரை கழட்டேல்லை."

"பாத்தியளே!"

புதிய ஊரில் பூ வாங்கினால் அது யாருக்குப் போடும் பூ என்று முதலில் கேளுங்கள். கேட்க மறந்துவிட்டால், இறுக்கியாவது கட்டுங்கள்.