பூஜ்ஜியம் போட்ட வீதி

நகர்நல அலுவலரின் வேலை, இன்னும் நடக்காத ஒன்றுக்காக நாள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பது. அது நடக்காவிட்டால் அந்தப் பயத்துக்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். நடந்துவிட்டால், முன்னமே ஏன் பயப்படவில்லை என்று கேட்பார்கள். கோவைக்குக் கிழக்கே, தறிச் சத்தத்தில் விடிகிற ஒரு நகராட்சியில் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நாலு பேரை வைத்து வேலை வாங்கி, அவர்கள் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று தவித்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் கொஞ்சம் லேசாகும் என்றுதான் எழுதுகிறேன்.

எட்டு நாள்

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். டெங்குவைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து புழுவாகிச் சிறகு முளைத்துப் பறக்கவும் ஏறக்குறைய எட்டு நாள்தான். இந்த இரண்டும் ஒரே டிரம்முக்குள் சந்தித்துக்கொள்ளாமல் பார்ப்பது என் உத்தியோகம். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த புதிதில் கிணற்று வீதியில் மகேஸ்வரி என்ற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளும் கணவனும் தறிக்குடோனில் வேலை; தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள், பனி பெய்தாற்போல. மகள் நந்தினி பள்ளிச் சீருடையில் வாசலில் நின்று பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை மகேஸ்வரி மரியாதையாகக் கேட்டாள். குடிக்கச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க தெனமும் தண்ணி உடுங்க டாக்டரம்மா, நான் தெனமும் டிரம்மக் கவுத்திப்போடறனுங்க."

பேனா மூடி

தினமும் காலையில் கூட்டம். டார்ச் விளக்கோடு வீடு வீடாகப் போய் டிரம்மையும் தொட்டியையும் பார்க்கும் பெண்கள் ஒரு பக்கம், சுகாதார ஆய்வாளர் கதிர்வேல் ஒரு பக்கம். வீதி வாரியாக, கொசுப்புழு இருந்த வீடுகள் எத்தனை என்று கதிர்வேல் வாசிப்பார். நான் யாரையும் குரல் உயர்த்தித் திட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பேசாமல் இருப்பேன். கை மட்டும் பேனாவின் மூடியைத் திறக்கும், மூடும், திறக்கும். அது கோபமில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தையின் நெற்றி சுடுவதாக எனக்குத் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் மனசு தெரியுமா என்ன, மூடிதான் தெரியும்.

ஒருநாள் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, கீழே கதிர்வேல் ஜீப் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன், அங்கே திருந்தியிருக்க வேண்டும். "அம்மா நாலு வார்த்த திட்டிப்போட்டாக்கூடப் பரவால்லீங்க, அந்தப் பேனாவத் தொறந்து தொறந்து மூடறாங்க பாருங்க, அதுதானுங்க வயித்தக் கலக்குது."

கைதட்டு

மழைக்கு முந்தைய மாதம் எண்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. அதிலும் கிணற்று வீதி நாலு வாரம் தொடர்ந்து பூஜ்ஜியம். அங்கே போய்வந்தவள் பழனாத்தாள், ஐம்பதைத் தாண்டிய ஒப்பந்தப் பணியாளர். கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தேன். அந்த வீதிக்கு இனி இத்தனை பேர் தேவையில்லை என்று, மருந்து ஊற்றுகிறவர்களையும் புகை அடிக்கிறவர்களையும் ரயிலடிப் பக்கம் மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். அன்று பேனா மூடி ஒருமுறைதான் திறந்தது.

பழனாத்தாள் முகம் மலரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். இந்த ஊரில் கடிந்து சொல்வதையும் கெஞ்சிச் சொல்வதையும் ஒரே மரியாதையில் நனைத்துத்தான் சொல்வார்கள். நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது இதுதான்: "எனக்கு எதுக்குங்கம்மா கைதட்டு, அந்த வீதியில பாதி ஊடு பூட்டித்தானுங்களே கெடக்குது."

மூன்று மணிப் பட்டியல்

மழை பெய்தது. ஊர் முழுக்க மகிழ்ந்தது. நான் மட்டும் ஓட்டுச் சரிவில் தண்ணீர் சொட்டும் ஒவ்வொரு இடத்தையும் எண்ணினேன். தினமும் மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்து காய்ச்சல் பட்டியல் வரும். அதில் பெயருக்கு முன்னால் வீதியைத்தான் பார்ப்பேன். ஒரு திங்கட்கிழமை மூன்று பெயர், மூன்றும் கிணற்று வீதி. கடைசிப் பெயர் நந்தினி, வயது பதினாறு, டெங்கு உறுதி. வீதியின் பெயரை மூன்று தடவை படித்தேன். படிக்கப் படிக்க மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

மறுநாள் காலை கோவையில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் நந்தினி, பின்னல் அவிழ்ந்து, உதடு வெளுத்துக் கிடந்தாள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மகேஸ்வரிக்கு என்னை அடையாளம் தெரிந்தது; எழுந்து நின்றாள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அடுத்த இரண்டு நாளில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். இது எனக்குத் தெரியும், வார்டு டாக்டருக்குத் தெரியும். மகள் நெற்றியில் கை வைத்திருந்த மகேஸ்வரிக்குத் தெரியாது. அவள் முகம் வெளிச்சமாக இருந்தது. "காய்ச்சல் உட்டுப்போச்சுங்க டாக்டரம்மா, நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாங்களா?"

சாவி

அங்கிருந்து நேராகக் கிணற்று வீதி. கதிர்வேலும் பழனாத்தாளும் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஒன்று விட்டு ஒன்று பூட்டு. காலை ஷிப்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போய்விட்டால் மாலைவரை யார் கதவைத் திறப்பது? நாங்கள் எந்த நேரத்தில் போகிறோமோ, அந்த நேரத்தில்தான் வீதியே குடோனில் இருந்தது. வாரந்தோறும் இது நடந்திருக்கிறது. குடோனுக்குள் போய்ச் சாவி கேட்டால் தறிச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. பழனாத்தாள்தான் கையால் பூட்டுத் திறப்பதுபோல ஜாடை காட்டி, ஒவ்வொரு தறியாகப் போய் வாங்கி வந்தாள்.

மகேஸ்வரி வீட்டு டிரம்மில் புழு ஒன்றுகூட இல்லை. மூடி, மூடிமேல் துணி, துணிமேல் கல். அடுத்த வீட்டில் துணியை விலக்கி டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் கூட்டமாக நெளிந்து அடிக்கு இறங்கின. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. "பூட்டிய வீடு என்று எழுதியிருக்கலாமே, ஏன் பூஜ்ஜியம் போட்டாய்?" என்று கேட்டேன். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. எப்போது எடுத்தேனோ தெரியாது, கையில் பேனா இருந்தது. பழனாத்தாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பூட்டுன ஊடுன்னு எழுதினா மறுக்காப் போய்ப் பாக்கலியான்னு கேப்பீங்க, நெசத்தப் பாத்து எழுதினா அன்னிக்குப் பூராவும் எங்ககூடப் பேசமாட்டீங்களேம்மா."

கடிதம்

அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு போன் மணிக்கும் நாற்காலியை விட்டு எழுந்தேன். வார்டு டாக்டருக்கு மணிக்கொருமுறை போன் செய்தேன்; நாலாவது தடவை அந்தப் பையன் சலித்துக்கொண்டான். சிறுநீர் போகிறதா, வயிறு வலிக்கிறதா, அழுத்தம் எவ்வளவு. நடுவில் மேலிடத்திலிருந்து அழைப்பு, பூஜ்ஜியம் என்று வந்த வீதியில் டெங்கு எப்படி என்று. பொய்யாக எழுதிய பணியாளரின் பெயரைக் குறிப்பிட்டு உடனே விளக்கம் அனுப்பச் சொன்னார்கள். பெயரை அனுப்பினால் அந்த வாரமே பழனாத்தாள் வேலையில் இருக்கமாட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் முழுக்க அவள் பெயரைத்தான் சொல்லும்.

அவள் எழுதியது பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்காக அவளுக்குக் கைதட்ட வைத்தவள் நான். வீதியிலிருந்து ஆட்களை எடுத்த உத்தரவில் இருப்பதும் என் கையெழுத்து. அதையே எழுதினேன். தட்டச்சானதைக் கதிர்வேல் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "ஏனுங்கம்மா, பழனாத்தா பேரு இருக்கோணுமேன்னு பாத்தா, உங்க பேருதானுங்களே இருக்குது?"

மூடி திறந்தது

மூன்றாம் நாள் காலை தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. நந்தினி தயிர்சாதம் கேட்டாளாம். நான் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மேலிடம் என்னைக் கண்டித்து ஒரு குறிப்பாணை அனுப்பியது. இன்றும் அது பெட்டியில் இருக்கிறது. பழனாத்தாள் வேலையில் நீடித்தாள். அதற்குப் பிறகு தறிகள் நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் கிணற்று வீதிக்குப் போனோம். காலைக் கூட்டத்தில் புழு அதிகமான வீதியை முதலில் வாசிக்கச் சொன்னேன். பூஜ்ஜியம் வந்தால் நானே டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மகேஸ்வரி வீட்டுக்குப் போனோம். நந்தினி கொஞ்சம் இளைத்து, உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள். நான் கேட்பதற்குள் மகேஸ்வரியே கல்லை எடுத்து, துணியை விலக்கி, டிரம் மூடியைத் திறந்தாள். இந்த முறை அடியில் நாலைந்து புழு நெளிந்தது. பழனாத்தாள் என் கையைப் பார்க்காமல், புழு இருந்த வீடு ஒன்று என்று எழுதினாள். மகேஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்: "நல்லாப் பாத்துக்குங்க டாக்டரம்மா, கொட்டச் சொன்னாக் கொட்டிப்போடறேன், ஆனா நாளைக்கும் நாளான்னிக்கும் கொடத்தத் தூக்கிட்டு உங்க ஊட்டுக்குத்தானுங்க வாரேன்."

நான் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தார்கள், கைக்கு அடக்கமான நல்ல பேனா, தலையை அழுத்தினால் எழுதுகிற வகை, மூடியே இல்லாதது.