ஸ்கின்னும் ஹைட்டும்

ஆம்பூரில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் நான் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. லண்டனுக்குப் போகும் சரக்கைப் பற்றி எழுத வேண்டும். நமக்கு எல்லாம் தோல்தான். வெள்ளைக்காரனுக்கு அது போதாது. ஆடு, செம்மறி என்றால் ஸ்கின். மாடு, எருமை என்றால் ஹைட். இரண்டையும் எண்ணலாம், பன்மைக்கு எஸ் போடலாம். ஆனால் ஸ்கின்னுக்குச் செல்வாக்கு ஜாஸ்தி. வாழைப்பழத்துக்கும் ஸ்கின், காய்ச்சிய பாலில் படியும் ஆடைக்கும் ஸ்கின், நம் மேனிக்கும் ஸ்கின். மேனியைச் சொல்லும்போது எஸ் வேண்டாம். உரிப்பது என்ற வினையாகவும் அது வேலை செய்யும். ஹைட் பாவம், மாட்டை விட்டு அதிகம் நகராது. மனிதனுக்குச் சொன்னால் வசவு. இதில் யாராவது தப்புச் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரிந்த வித்தை அது ஒன்றுதானே.

முப்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோல் வேலை என்றதுமே எங்கள் சாதியில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். கடைசியில் சித்தப்பா திமிரியில் ஓர் இடத்தைப் பேசி முடித்தார். சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பின்வாங்குவது கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தே விட்டார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெண்ணின் அப்பா இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ளே, உங்க கம்பெனியில ஆட்டுத் தோலு மட்டும்தான்னு சித்தப்பா சொன்னாரு. மாட்டுத் தோலு வர்றதில்லையே?"

சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான் தலையாட்டியிருந்தால் போதும். வாய் சும்மா இருந்தால்தானே.

"ரெண்டும் வருதுங்க. மாட்டுத் தோலுதான் ஜாஸ்தி."

அவர் கோபப்படவில்லை. "போய்ட்டு தகவல் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். பரிமாற எடுத்து வந்த சோறு பாத்திரத்திலேயே கிடந்தது.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா என்னிடம் வந்தாள்.

"அவங்க ஒரு வாய் சாப்ட்டப்புறம் சொன்னா இன்னாடா கொறஞ்சிடும்?"



தகவல் வரவில்லை. வேறு யாரும் பெண் கொடுக்க வரவும் இல்லை. சித்தப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். சில வருஷத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நான் சொன்னது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.